பீரோவில் தூங்கும் துணி: அடுத்த ரூபாயைத் துணியில் போடாதீங்க, ஃபிட்டிங்கில் போடுங்க



இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. உங்க வீட்டு பீரோவோட மேல் தட்டைப் பத்திப் பேசப் போறோம்.

காரைக்கால்ல ஏதாவது ஒரு வீட்டு பீரோவைத் திறந்து பாருங்க. கல்யாணம், வளைகாப்புன்னு தாம்பூலத்தோட வந்த பிளவுஸ் பிட்டுகள் பத்து இருக்கும். துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ மாமா கொண்டு வந்த பட்டு மாதிரி வழுக்குற துணி ஒண்ணு. பிரான்ஸ்ல இருக்கிற சித்தி பெட்டியில வந்த பூப்போட்ட துணி ஒண்ணு. ஆடித் தள்ளுபடியில "இந்த விலைக்கு அப்புறம் கிடைக்காது"ன்னு எடுத்த சுடிதார் மெட்டீரியல் மூணு, கவர்கூட பிரிக்காம. ஆண்களுக்கும் இதே கதைதான். பேண்ட் பிட், ஷர்ட் பிட் பெட்டி பெட்டியா கிடக்கும்.

அதே வீட்டுல இருந்து ஓஎன்ஜிசிக்கோ, துறைமுகத்துக்கோ, ஜிப்மருக்கோ, சென்னையில ஒரு ஐடி கம்பெனிக்கோ வேலைக்குப் போற நீங்க, திங்கட்கிழமை காலையில "போட்டுக்க ஒரு நல்ல டிரஸ் இல்லை"ன்னு சொல்வீங்க. அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போடுவீங்க. அது வந்ததும் தோள்பட்டை இறங்கி நிக்கும், இல்லைன்னா இடுப்புல பிடிக்கும். ரெண்டு தடவை போட்டுட்டு அதுவும் பீரோவுக்குள்ள போகும்.

அங்க துணி நிறையவே இருக்கு. உடம்புக்குப் பொருந்துற துணிதான் இல்லை. அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லப் போறேன். துணிக்கான பணம் ஏற்கனவே போயிடுச்சு. இனிமே செலவு பண்ற ரூபாய், அளவுக்கும் தையலுக்கும் போகணும். அதை எப்படிச் செய்யறதுன்னு ஒரு சாதாரண ஏ-லைன் டிரஸ்ஸை வச்சுப் பார்க்கலாம். வட்டக் கழுத்து, முக்கால் கை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வர்ற நீளம். லெக்கிங்ஸ் போட்டா குர்தி, போடாட்டி டிரஸ். பத்து வருஷம் முன்னாடியும் இது நல்லா இருந்தது, பத்து வருஷம் கழிச்சும் நல்லாவே இருக்கும்.

துணி ஒரு காலத்துல காசாவே இருந்தது

துணியைச் சேர்த்து வைக்கிற பழக்கத்தைக் கிண்டல் பண்ண வேண்டாம். அதுக்கு நம்ம கரையில ஒரு பெரிய வரலாறு இருக்கு.

காரைக்கால் 1739-ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தது. இடையில ஆங்கிலேயர்கள் பிடிச்சு வச்சிருந்த காலங்கள் போக, 1954 நவம்பர் 1 வரைக்கும் அவங்க ஆட்சிதான். இந்தக் கரையில இருந்து அவங்க ஏத்திட்டுப் போன முக்கியமான சரக்கு துணி. புதுச்சேரியில தயாராகி அவுரியில நீலச்சாயம் ஏத்தின பருத்தித் துணிக்கு 'கினே'ன்னு பேரு. 18, 19-ஆம் நூற்றாண்டுகள்ல அதைக் கப்பல்ல மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், செனகல் ஆற்றோரத்துல வேலம்பிசினுக்கு மாற்றா கொடுத்தாங்க. ஐரோப்பாவுல துணியில பூ அச்சடிக்கிற ஆலைகளுக்கு அந்தப் பிசின் தேவைப்பட்டது. நாளாக நாளாக அந்த ஆற்றோரத்துல விலை சொல்றதே "இத்தனை கினே"ன்னு ஆகிப்போச்சு. நம்ம கடற்கரைத் துணி அங்க பணமாவே புழங்கியிருக்கு.

நம்ம வீட்டு பிளவுஸ் பிட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு வீட்டுத் தாம்பூலத்துல வந்தது, அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போகும். சில பிட் நாலு வீடு சுத்திட்டு, கொடுத்தவங்க கைக்கே திரும்பி வந்து சேரும். யாரும் தைக்கவே இல்லைன்னாலும் அது தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கு.

ஆனா பணத்துக்கு ஒரு குணம் இருக்கு. அடுத்தவர் வாங்கிக்கிற வரைக்கும்தான் அது பணம். நீங்க எடுத்து வச்ச இரண்டரை மீட்டர் காட்டன் துணியைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார், பேங்க்காரங்க அடகு பிடிக்க மாட்டாங்க. அதோட மதிப்பு உங்க உடம்புக்கு வந்தாத்தான் வெளிய வரும்.

முதல் வேலை: ஸ்டாக் எடுங்க

கம்பெனிகள்ல மார்ச் 31 அன்னிக்கு குடோனைத் திறந்து சரக்கை எண்ணுவாங்க. ஏஎஸ் 2 என்கிற கணக்குத் தரநிலை சொல்றது இதுதான்: சரக்கை வாங்கின விலைக்கோ, இப்ப வித்தா கையில நிக்கிற தொகைக்கோ, எது குறைவோ அந்த மதிப்புல எழுதணும். 900 ரூபாய்க்கு வாங்கின சரக்கு இன்னிக்கு 100 ரூபாய்க்குத்தான் போகும்னா, புத்தகத்துல 100தான்.

உங்க பீரோவுக்கும் அதையே செய்யுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு, ஒரு இன்ச் டேப் போதும். ஒவ்வொரு துணிக்கும் நாலு விஷயம் எழுதுங்க: நீளம், அகலம், என்ன ரகம், என்ன நிலைமை.

நீளமும் அகலமும் டேப் சொல்லிடும். ரகம் தெரியலைன்னா ஓரத்துல இருந்து நாலு இழையை உருவி, ஒரு எவர்சில்வர் தட்டுல வச்சுக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியிற வாசனையோட சாம்பலானா பருத்தி அல்லது ரேயான். உருகி, ஆறினதும் கெட்டியான மணி மாதிரி நின்னா பாலியஸ்டர். முடி கருகுற வாசனை வந்தா பட்டு அல்லது கம்பளி. "பட்டு"ன்னு சொல்லிக் கொடுத்தது உருகிடுச்சுன்னா கொடுத்தவங்ககிட்ட சொல்லாதீங்க, நோட்டுல மட்டும் எழுதிக்கோங்க.

நிலைமைதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். கடலோர ஈரக்காத்து, அது போதாதுன்னு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மடிச்ச கோட்டுல மஞ்சள் விழும், பூஞ்சை புள்ளி புள்ளியா வரும், ஜரிகை கருத்துப் போகும். பழைய பட்டு மடிப்பிலேயே விட்டுப் போகும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பாருங்க. மடிப்புக் கோட்டுல ரெண்டு கையாலயும் மெல்ல இழுங்க. சத்தம் கேட்டா அது டிரஸ் ஆகாது.

எல்லாத்தையும் மூணு குவியலா பிரிங்க.

1. தைக்கிறது: நல்ல நிலைமையில இருக்கு, நிறம் உங்களுக்குப் பிடிக்குது, நீளம் போதும்.
2. கொடுக்கிறது: துணி நல்லா இருக்கு, ஆனா நீங்க போடவே மாட்டீங்க. யாராவது தைச்சுப் போடுவாங்கன்னா இன்னிக்கே கொடுங்க.
3. வச்சுக்கிறது: ஆச்சி கடைசியா எடுத்துக் கொடுத்த துணி மாதிரி. இதுக்குக் கணக்கு கிடையாது, நினைவுக்கு விலை போட வேண்டாம். ஆனா இந்தக் குவியல் ஒரு தட்டைத் தாண்டக் கூடாது. எல்லாமே நினைவுன்னு சொன்னா, அப்புறம் எதுவுமே நினைவு இல்லை.

வெட்டலாமா வேண்டாமா: கணக்கு போட்டுப் பார்ப்போம்

"நல்ல துணி, வெட்டி வீணாப் போச்சுன்னா?" இந்தப் பயம்தான் துணியை பீரோவிலேயே வச்சிருக்கு. ஏற்கனவே செலவாகி, என்ன முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணத்துக்கு எங்க பாடத்துல 'மூழ்கிய செலவு'ன்னு பேரு. அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது.

ஒரு உதாரணம் போடுவோம். இதெல்லாம் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட தொகைகள். உங்க தெரு ரேட்டைப் போட்டுக்கோங்க.

பீரோவில இருக்கிற துணி: ரெண்டு வருஷம் முன்னாடி 900 ரூபாய்க்கு எடுத்தது.

தைக்கிறதுன்னா இனிமே ஆகிற செலவு:
- லைனிங் துணி: ரூ.180
- தையல் கூலி: ரூ.550
- நூல், ஜிப்: ரூ.70
- ரெண்டாவது தடவை போட்டுப் பார்த்து சரி பண்ண: ரூ.100
- மொத்தம்: ரூ.900

கடையில ரெடிமேட் வாங்கறதுன்னா:
- டிரஸ்: ரூ.1,400
- ஆல்டரேஷன்: ரூ.100
- மொத்தம்: ரூ.1,500

இன்னிக்கு முடிவு எடுக்க 900-ஐயும் 1,500-ஐயும்தான் ஒப்பிடணும். தைச்சா 600 ரூபாய் மிச்சம். பழைய 900-ஐ மறந்திடுங்க.

இப்ப கொஞ்சம் கவனமா படிங்க. நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது. இதே டிரஸ்ஸுக்காக நீங்க புதுசா துணி எடுக்கப் போறீங்கன்னு வைங்க. அப்போ அந்தத் துணி விலை இன்னும் மூழ்கலை, உங்க கையிலதான் இருக்கு. கணக்கு 900 கூட்டல் 900, ஆக 1,800. ரெடிமேடோ 1,500தான். அதாவது, தைச்சுப் போடறது சிக்கனம்னு சொல்றது பீரோவுல இருக்கிற துணிக்கு மட்டும்தான் பொருந்தும். "தைச்சுக்கலாம், மிச்சமாகும்"னு சொல்லிக்கிட்டு ஜவுளிக்கடைக்குள்ள நுழைஞ்சீங்கன்னா, மிச்சம் அந்த வாசல்லயே முடிஞ்சது.

அப்போ புதுத் துணி எடுத்துத் தைக்கவே கூடாதா? தைக்கலாம். அதுக்கு வேற கணக்கு இருக்கு: ஒரு தடவை போடறதுக்கு எவ்வளவு செலவு? 1,800 ரூபாய் டிரஸ் உடம்புல அழகா உக்காந்து, நீங்க அதை 50 தடவை போட்டா, ஒரு தடவைக்கு 36 ரூபாய். 1,500 ரூபாய் ரெடிமேட் தோள்ல சரியா நிக்காம 15 தடவையோட உள்ளே போயிட்டா, ஒரு தடவைக்கு 100 ரூபாய். தைச்ச டிரஸ்ஸை 18 தடவை போட்டாலே அந்த 100 ரூபாய் அளவுக்கு வந்திடும். அதுக்கு மேல போடுற ஒவ்வொரு தடவையும் லாபம்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பண்றது துணியோட தரம் இல்லைங்க, ஃபிட்டிங்.

போற போக்குல ஒரு வரி விஷயம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு ரெடிமேட் உடை வரிக்கு முன்னாடி 2,500 ரூபாய் வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம். 2,500 ரூபாய் டிரஸ்ஸுக்கு வரியோட 2,625 ஆகும். 2,600 ரூபாய் டிரஸ்ஸுக்கு 3,068 ஆகும். விலையில 100 ரூபாய் ஏறினதுக்கு உங்க பையில இருந்து 443 ரூபாய் கூடப் போகுது. வெட்டாத துணிக்கு இந்தத் தாவல் இல்லை.

துணி போதுமா?

முழங்காலுக்குக் கீழே வர்ற ஏ-லைன் டிரஸ், முக்கால் கை, நடுத்தர அளவு உடம்பு. தோராயமா இவ்வளவு வேணும்:

- 36 அங்குல அகலம்: 3 மீட்டர்
- 44 அங்குல அகலம்: 2.5 மீட்டர்
- 58 அங்குல அகலம்: 1.75 மீட்டர்

58 அங்குலத்துல ஏன் இவ்வளவு குறையுது? ரெண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடிச்சா, முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திடும். 44-ல ஒண்ணுக்குக் கீழே ஒண்ணாத்தான் வெட்ட முடியும். ஓரத்துல மிஞ்சுற இடத்துல கை கிடைச்சிடும்.

துணி கொஞ்சம் பத்தலைன்னா ஓரம் கட்டாதீங்க. அந்தப் பத்து பிளவுஸ் பிட்டுக்கு இப்பத்தான் வேலை. ஒரு பிட் 80 சென்டிமீட்டர் இருந்தா கைக்குப் போதும். கழுத்துப் பட்டி, பாக்கெட், மேல்பாகம் எதுக்கு வேணும்னாலும் வரும். பாக்கெட் கண்டிப்பா வைக்கச் சொல்லுங்க. ஃபோனும் ஐடி கார்டும் வைக்க இடம் இருக்கிற டிரஸ்ஸைத்தான் வாரத்துல ரெண்டு தடவை எடுக்கத் தோணும்.

வெட்டறதுக்கு முன்னாடி துணியை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, நிழல்ல காய வச்சு, இஸ்திரி போடுங்க. பருத்தியும் ரேயானும் முதல் தண்ணியிலேயே சுருங்கும். அது தைக்கிறதுக்கு முன்னாடி சுருங்கட்டும். ஈரமான வெள்ளைக் கர்ச்சீப்பைத் துணி மேல தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா அதைத் தனியா துவைக்கணும்னு இப்பவே தெரிஞ்சிடும். நல்ல பட்டையும் ஜரிகைத் துணியையும் மட்டும் ஊற வைக்காதீங்க.

அளவு எடுக்கிறது: ஒரு டேப், இன்னொரு ஆள்

நீங்களே உங்களை அளந்தா தோள் ஏறி, டேப் சாயும். அம்மாவையோ அக்காவையோ கூப்பிடுங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காம நில்லுங்க. ஆறு மாசம் கழிச்சு வரப்போற உடம்பை அளக்க வேண்டாம், இன்னிக்கு இருக்கிற உடம்பை அளங்க.

எல்லாரும் மார்பு, இடுப்பு, நீளம் மூணும் எடுப்பாங்க. ஃபிட்டிங் கெடறது பெரும்பாலும் எடுக்காம விட்ட அளவுகள்ல:

- தோள் அகலம்: ஒரு தோள் முனையில இருந்து அடுத்த தோள் முனைக்கு, பின்பக்கமா.
- தோள்ல இருந்து டாட் பாயிண்ட்: கழுத்தோரத் தோள்ல இருந்து மார்பு உச்சி வரைக்கும். இது அரை அங்குலம் தப்பினாலும் டாட் தப்பான இடத்துல நிக்கும்.
- தோள்ல இருந்து இடுப்பு: டிரஸ் எங்க குறுகணும்னு சொல்றது இதுதான்.
- சீட் சுற்றளவு: நின்னுக்கிட்டு ஒரு தடவை, நாற்காலியில உக்காந்து ஒரு தடவை. உக்காந்தா அளவு கூடும். ஆபீஸ்ல எட்டு மணி நேரம் உக்கார்ற உங்களுக்கு அந்தப் பெரிய அளவுதான் சரியான அளவு.
- கை சுற்று: மேல் கையோட பருமனான இடத்துல.

உடம்பு அளவையே டிரஸ் அளவா வச்சா மூச்சு விட முடியாது. காட்டன் மாதிரி நீளாத துணிக்கு மார்புல 2-ல இருந்து 3 அங்குலம், சீட்ல 2-ல இருந்து 3 அங்குலம் தளர்வு கொடுங்க. மார்பு 36-ன்னா டிரஸ் 38 அல்லது 39-ல நிக்கும்.

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு டிரையல்

பங்குச்சந்தையில புதுசா இறங்கறவங்ககிட்ட நான் சொல்றது: முதல்ல காகிதத்துல வாங்கி வித்துப் பாருங்க, காசு அப்புறம். துணிக்கும் அதேதான். நல்ல துணியில கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி, மேல்பாகத்தை மட்டும் ஒரு பழைய வேட்டியிலயோ படுக்கை விரிப்பிலயோ வெட்டி, பெரிய பெரிய ஓட்டுத் தையலா போட்டுப் பாருங்க. செலவு பூஜ்யம். புதுசா வாங்கணும்னா காடாத் துணி போதும்.

போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு, துணியில விழுற சுருக்கத்தைப் படிங்க. அதுதான் உங்க ரிப்போர்ட்.

- மார்புல இருந்து கைக்குழி நோக்கிச் சாய்வா சுருக்கம் விழுந்தா, டாட்டுக்கு இன்னும் துணி வேணும், இல்லை டாட் இடம் மாறணும்.
- சீட்ல குறுக்கா கோடு கோடா இழுத்தா, அங்க இறுக்கம். பக்கத் தையலைப் பிரிச்சு விடணும்.
- பின்கழுத்துக்குக் கீழே துணி மடிஞ்சு நின்னா, முதுகு நீளம் கூடிப்போச்சு. அங்க ஒரு மடிப்பு எடுத்துக் குறைக்கணும்.
- கையைத் தூக்கினா மொத்த டிரஸ்ஸும் மேல ஏறினா, கைக்குழி ரொம்பக் கீழே இறங்கியிருக்கு.

கடைசி விஷயம் பலருக்கும் ஆச்சரியமா இருக்கும். கை பிடிக்குதுன்னா கைக்குழியை இன்னும் தோண்டணும்னு தோணும். ஆனா தோண்டத் தோண்ட டிரஸ் இன்னும் ஏறும். குழி அக்குள் பக்கத்துல நெருக்கமா இருந்து, கைத்துணி போதுமான அகலத்தோட இருந்தா, பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சாலும் டிரஸ் இடத்துல நிக்கும்.

கண்ணாடி முன்னாடி நின்னா மட்டும் போதாது. நாற்காலியில உக்காருங்க, குனிஞ்சு செருப்பு போடுங்க, டூவீலர்ல ஏறுற மாதிரி காலைத் தூக்குங்க. உங்க ஒரு நாள் எப்படிப் போகுமோ அப்படியெல்லாம் அசைஞ்சு பாருங்க.

உள்ள துணி விடுங்க

நம்ம அம்மாக்கள் டெய்லர்கிட்ட தவறாம சொல்ற ஒரு வாக்கியம்: "உள்ள துணி விட்டுத் தைங்க." இதைவிட நல்ல நிதி அறிவுரை எனக்குத் தெரியாது. எமர்ஜென்சி ஃபண்டுன்னு நான் வீடியோ வீடியோவா பேசற விஷயம்தான் இது.

பக்கத் தையல்ல ஒன்றரை அங்குலம் உள்ள விடச் சொல்லுங்க. கீழே மடிக்கிற இடத்துல ரெண்டு அங்குலம். வெளியே தெரியாது, பாரமும் இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு உடம்பு கொஞ்சம் போட்டா, ஒரு தையலைப் பிரிச்சா டிரஸ் திரும்பக் கிடைக்கும். நிறைய ரெடிமேட் உடைகள்ல இந்த இடம் அரை அங்குலம்கூட இருக்காது. ஓவர்லாக் அடிச்ச இடத்தோட முடிஞ்சது. குறைக்கலாம், பெருசாக்க முடியாது. அடுத்த தடவை கடையில டிரஸ் எடுக்கும்போது உள்பக்கம் திருப்பி அந்த மார்ஜினைப் பாருங்க. விலைச் சீட்டு சொல்லாததை அது சொல்லும்.

டெய்லர்கிட்ட எப்படிப் பேசறது

நீங்களே தைக்கணும்னு கட்டாயம் இல்லை. பாரதியார் வீதியிலும் அதைச் சுத்தின தெருக்கள்லயும், உங்க தெருவுல வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிற அக்காகிட்டயும் நல்ல கை இருக்கு. அவங்ககிட்ட மூணு விஷயம்.

ஒண்ணு, அளவு டிரஸ் மட்டும் கொடுத்துட்டு ஓடாதீங்க. அந்த அளவு டிரஸ்ஸே சரியா நிக்கலைன்னா, அதே கோளாறு புதுசுலயும் வரும். டிரையல்ல கண்டுபிடிச்ச திருத்தங்களை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க: "அக்கா, தோள் அரை அங்குலம் குறைங்க, கைக்குழியை இறக்காதீங்க."

ரெண்டு, கூலியில 50 ரூபாய் குறைக்கச் சொல்லாதீங்க. அதுக்குப் பதிலா, "பாதி தைச்சதும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன், அதுக்குத் தனியா 100 ரூபாய் தர்றேன்"னு சொல்லுங்க. மொத்தச் செலவுல மிக அதிகமா பலன் தர்ற 100 ரூபாய் அதுதான். 900 ரூபாய் துணியைக் கேள்வி கேக்காம எடுத்துட்டு வந்துட்டு, அதை உடம்புக்குப் பொருத்தித் தர்றவங்ககிட்ட பேரம் பேசறது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. அவங்க ஒரு டிரஸ்ஸுக்குச் செலவு பண்ற நேரம்தான் நீங்க வாங்குற பொருள்.

மூணு, காலம் பார்த்துப் போங்க. தீபாவளி, ரம்ஜான், பொங்கல், தை மாசக் கல்யாணம்னு நெருக்கடி நேரத்துல யாராலயும் நிதானமா தைக்க முடியாது. மாங்கனித் திருவிழா முடிஞ்சு ஆடி பிறக்குற நேரம் நல்ல நேரம். கல்யாண பிளவுஸ் வேலை குறைஞ்சிருக்கும்.

மெஷின் வாங்கலாமா?

டிரஸ் ஆசை வந்ததும் பலருக்கு அடுத்த ஆசை தையல் மெஷின். இதுக்கும் ஒரு கணக்கு. மெஷின் 11,000 ரூபாய்னு வைங்க. ஒரு டிரஸ்ஸுக்கு மிச்சமாகிற கூலி 550. இருபது டிரஸ் தைச்சாத்தான் மெஷின் காசு திரும்பும். வருஷத்துக்கு அஞ்சு தைச்சா நாலு வருஷம். ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு நான் விலை போட மாட்டேன், ஏன்னா அந்த நேரத்துக்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தர்றதில்லை. தைக்கிறது உங்களுக்கு சந்தோஷமா இருக்கான்னு மட்டும் பாருங்க. முதல் மூணு டிரஸ் அம்மாவோட மெஷின்லயோ பக்கத்து வீட்டு மெஷின்லயோ தைங்க. நாலாவதுக்கும் ஆசை குறையலைன்னா வாங்கலாம்.

காந்தி பல இயந்திரங்களைச் சந்தேகமா பார்த்தவர். ஆனா சிங்கர் தையல் மெஷினைப் பயனுள்ள சில கண்டுபிடிப்புகள்ல ஒண்ணுன்னு 1924-ல மெச்சினார். ஆனா அதே சிங்கர் கம்பெனிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1850-கள்ல, மொத்தப் பணம் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு மாசத் தவணையில மெஷின் வித்து, தவணை வியாபாரத்தை உலகம் முழுக்கப் பரப்பின முன்னோடி அதுதான். இன்னிக்கு உங்க ஃபோன்ல வர்ற இஎம்ஐ விளம்பரத்தோட தாத்தா ஒரு தையல் மெஷின். அதனால மெஷின் வாங்கும்போது "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு பார்த்தா நிதானியுங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணமும் உங்க ஸ்டேட்மென்ட்ல வரும்.

இந்த வார ஹோம்வொர்க்

1. பீரோவைத் திறந்து ஸ்டாக் எடுங்க. மூணு குவியல்.
2. 'தைக்கிறது' குவியல்ல இருந்து ஒரே ஒரு துணியை எடுங்க. விலை உயர்ந்தது வேண்டாம், கெட்டுப்போனா மனசு வலிக்காத ஒண்ணு. ரொம்பப் பிடிச்ச துணி ரெண்டாவதா வரட்டும்.
3. மேல சொன்ன அளவுகளை எழுதி, தேதி போட்டு வச்சுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிங்க.
4. பழைய வேட்டியில டிரையல் போட்டு, சுருக்கங்களைக் குறிங்க.
5. அந்தக் குவியல் பாதியாகிற வரைக்கும் புதுத் துணி எடுக்கிறதில்லைன்னு வீட்டுல சொல்லி வைங்க. சொன்னாத்தான் நிக்கும்.

அஞ்சாவதுதான் கஷ்டம். ஆடி பிறந்ததும் கடைக்குக் கடை தள்ளுபடி போர்டு வரும். அந்த மாசத்துலதான் டெய்லர் அக்காவுக்கும் கை ஓய்வா இருக்கும். பையில பழைய துணியை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுப் பக்கம் போங்க. ஜவுளிக்கடை அடுத்த ஆடியிலும் அங்கேயேதான் இருக்கும்.

தைச்சு முடிச்சதும் மொத்தம் எவ்வளவு ஆச்சு, எத்தனை தடவை போட்டீங்கன்னு கணக்கு எழுதி கமென்ட்ல போடுங்க. 36 ரூபாய்க்குக் கீழே யார் கொண்டு வர்றீங்கன்னு பார்ப்போம்.